கூடிப் பேச எத்தனை லிட்டர் டீசல்?

சென்ற செயற்குழுக் கூட்டம் திருச்சியில் நடந்தது. காலை 10 மணி என்று அழைப்பிதழில் இருந்தது. வழக்கம்போல 11 மணிக்குத்தான் தொடங்கியது. அந்த ஒரு மணி நேரம் மண்டப வாசலில் நின்றபோது பொழுது போகாமல் வண்டிகளை எண்ணினேன். வந்திருந்தவர்கள் 40 பேர். நின்ற கார்கள் 20. ஒரே ஊரில், ஒரே வீதியில் கடை வைத்திருக்கும் மூவர் மூன்று கார்களில் வந்திருந்தார்கள். அவர்களுக்குள் பகை எதுவும் இல்லை. திரும்பும் வழியில் ஒருவருக்குத் திண்டுக்கல்லில் வசூல், இன்னொருவருக்குச் சமயபுரத்தில் வேண்டுதல், மூன்றாமவருக்கு அவசரமாக ஊர் திரும்ப வேண்டும். பேருந்தில் வந்தவர் நான் விசாரித்தவரை யாருமில்லை.

கூட்ட முடிவில் ‘இதர விஷயங்கள்’ வந்தபோது ஓர் இளம் உறுப்பினர் எழுந்தார். “அண்ணாச்சி, 4 மணி நேரப் பேச்சுக்கு இத்தனை பேரும் நாள் முழுக்கக் கடையை விட்டுட்டு வந்திருக்கோம். இதையே போன்ல கூடிப் பேசியிருந்தா டீசலும் மிச்சம், புகையும் மிச்சம் இல்லையா?” என்றார். மேடையிலிருந்த மூத்தவர் ஒருவர் உடனே, “தம்பி, போன்ல பேசினா மட்டும் கரண்ட் சும்மாவா வருது? எங்கேயோ பெரிய பெரிய கம்ப்யூட்டர் ஓடணும், அதுக்கு ஏ.சி. ஓடணும். அதுவும் புகைதான்னு பேப்பர்ல போட்டிருந்தான்” என்றார். அரங்கம் சிரித்தது. நன்றியுரை வந்துவிட்டது.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எந்த உண்மையின் எடை அதிகம் என்பதுதான் கேள்வி. எடை போடுவது நம் தொழிலாயிற்றே. ஊர் திரும்பியதும் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டேன். அதையே இங்கு உறுப்பினர் அன்பர்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

கணக்குக்குள் போகுமுன் ஒன்று. பயணத்தைத் தவிர்ப்பது வணிகனுக்குப் புதிதல்ல. விருதுநகர் சந்தை நிலவரம் தெரிய நம் தாத்தாக்கள் வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை. கார்டு வந்தது, தந்தி வந்தது. பிறகு டிரங்க் கால் போட்டுவிட்டுக் கல்லாவில் காத்திருந்தோம். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. இன்று காலை 9 மணிக்குள் துவரம்பருப்பு விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஆனால் விலையைப் போனில் கேட்பவர்கூட, புதுப் பருவத்து மிளகாய் வற்றலைக் கையில் எடுத்து உடைத்துப் பார்க்காமல் 50 மூட்டைக்குச் சொல்வதில்லை. விலைக்குப் போன் போதும், சரக்கைப் பார்க்க நேரில் போக வேண்டும் என்ற இந்தப் பாகுபாடு கூட்டங்களுக்கும் பொருந்துமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

சாலையில் ஆகும் செலவு

திருச்சி மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர், கோவையிலிருந்து 210, மதுரையிலிருந்து 140, திருநெல்வேலியிலிருந்து 300. தஞ்சாவூர்க்காரருக்கு 60 கூட இல்லை. எல்லோரையும் சேர்த்து ஒரு வழிக்குச் சராசரி 200 என்று வைத்துக்கொள்வோம். போய்வர 400. இருபது கார்களும் ஓடியது 8,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் கார் என்றால் 533 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 48,000 ரூபாய். சுங்கச் சாவடிக் கட்டணம் தனி. இந்தப் பணம் சங்கக் கணக்கில் பற்று எழுதப்படுவதில்லை. அவரவர் சட்டைப்பையிலிருந்து போவதால் நாம் கவனிப்பதும் இல்லை.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. இதைச் சொன்னதும் எங்கள் கடைக் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு லிட்டர் டீசல் நிறுத்தால் ஒரு கிலோவே வராது, 830, 840 கிராம்தான். அதை எரித்தால் 2.7 கிலோ எப்படி வரும்? எடை கூடுகிறதே!” என்றார். நியாயமான கேள்வி. டீசலில் உள்ள கரி எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. 12 பங்கு கரிக்கு 32 பங்கு பிராணவாயு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயு ஆகிறது. முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி இப்படித்தான் 2.7 கிலோ ஆகிறது. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்தது.

ஆக 533 லிட்டருக்கு 1,430 கிலோ. 50 கிலோ சிப்பமாகக் கட்டினால் 28 மூட்டைக்கு மேல். ஒரு செயற்குழுக் கூட்டத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத 28 மூட்டையை வழியெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மண்டபத்தில் ஆனது

நாம் சுற்றுச்சூழல் என்றதும் முதலில் மண்டபத்தைத்தான் பார்ப்போம். ஏ.சி.யை நிறுத்து, காகிதக் கோப்பை வேண்டாம் என்போம். அதையும் எடை போடலாம். ஒன்றரை டன் ஏ.சி. ஆறு, 4 மணி நேரம் ஓடினால் சுமார் 36 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக 25 கிலோ. 40 பேர் சாப்பாட்டுக்கு அரை சிலிண்டர் எரிவாயு என்றால் இன்னொரு 20 கிலோ. இரண்டும் சேர்ந்து 45 கிலோ, அதாவது ஒரு மூட்டைகூட இல்லை. சமைத்த பொருள்களுக்கு என்று தனிக் கணக்கு உண்டு. நெல் வயலில் தேங்கும் நீரிலிருந்தும், அசைபோடும் ஆடு மாடுகளின் வயிற்றிலிருந்தும் மீத்தேன் வாயு வருவதால் மட்டன் பிரியாணிப் பந்திக்கும் சாம்பார் சாதப் பந்திக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதில் இப்போது இறங்கினால் அடுத்த கூட்டத்தில் எனக்கு இலை போட மாட்டார்கள்.

குப்பை விஷயம் வேறு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை விதித்தபோது, பறிமுதலும் அபராதமும் முதலில் நம் கடைகளுக்குத்தான் வந்தன. அப்படிப்பட்ட நாம் நம் கூட்ட வாசலில் 20 அடி பிளெக்ஸ் கட்டி, தலைவர்கள் படத்தைப் போட்டு, மறுநாள் அதைக் குப்பையில் எறிவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எடையில் அது சிறிது. ஆனால் அதைக் கொளுத்தினால் வரும் புகை நச்சு. கொளுத்தாவிட்டால் சாக்கடையை அடைக்கும். துணியில் எழுதிய பேனர் பத்து வருடம் வந்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

போனில் கூடினால்

இப்போது மேடையிலிருந்த அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். போனில் கூடினால் புகையே இல்லையா?

உண்டு. கையிலிருக்கும் போன் எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். முழு சார்ஜ் ஏற ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 40 பேரும் 4 மணி நேரம் பேசி சார்ஜ் முழுவதையும் காலி செய்தாலும் மொத்தம் ஒரே யூனிட்தான். மிச்சம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடுகிறது. செல்போன் கோபுரம், கண்ணாடி இழைக் கம்பி, தரவு மையம் எனப்படும் பெரிய கம்ப்யூட்டர்க் கிடங்கு, அதைக் குளிரவைக்கும் இயந்திரங்கள். அண்ணாச்சி பேப்பரில் படித்தது இதைத்தான்.

அதற்கு எவ்வளவு ஆகும் என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவின் பர்டூ, யேல், எம்.ஐ.டி. கல்வி நிலையங்களைச் சேர்ந்தவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மணி நேரக் காணொலிக்கு 150 கிராம் முதல் 1,000 கிராம் வரை கரியமில வாயு வெளியேறும் என்றது. தண்ணீர் 2 லிட்டர் முதல் 12 லிட்டர் வரை செலவாகும் என்றும் சொன்னது. சர்வதேச எரிசக்தி முகமையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கோ, இணையத்தில் ஒரு மணி நேரம் படம் பார்க்க 36 கிராம்தான் என்கிறது. ஒரே சரக்குக்கு ஒரு மண்டியில் 36 ரூபாய், இன்னொரு மண்டியில் 1,000 ரூபாய் என்பது போல. எந்த நாட்டு மின்சாரம், எவ்வளவு பழைய கருவி, எதை எதைச் சேர்த்து எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து வரும் வித்தியாசம் இது.

நாம் கொள்முதல் செய்பவர்கள் ஆதலால் மிக உயர்ந்த விலையையே போட்டுப் பார்ப்போம். 40 பேர், 4 மணி நேரம், மணிக்கு ஆளுக்கு 1,000 கிராம். மொத்தம் 160 கிலோ, அதாவது 3 மூட்டை சொச்சம். 150 கிராம் என்றால் 24 கிலோ. 36 கிராம் என்றால் 6 கிலோ கூட இல்லை. மண்டபத்தையும் சேர்த்து நேரில் கூடியதற்கு 1,475 கிலோ. எப்படிப் பார்த்தாலும் போன் கூட்டத்தின் புகை, கார்க் கூட்டத்தின் புகையில் ஒன்பதில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் செய்த ஒப்பீட்டிலும் காணொலிக் கூட்டத்துக்கு ஆகும் எரிசக்தியும் கரியும் நேரடிக் கூட்டத்துக்கு ஆவதில் அதிகபட்சம் 7 சதவீதம் என்றே முடிவு வந்தது. அதில் கருவிகளைத் தயாரிக்க ஆனதையும் மனிதர் செலவிட்ட நேரத்தையும்கூடச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள்.

இளைஞர் ஜெயித்துவிட்டார் என்று இங்கேயே பேரேட்டை மூடிவிடலாம். நான் மூடவில்லை. கணக்கை இன்னும் இரண்டு விதமாகப் போட்டபோதுதான் எனக்கே வியப்பு வந்தது.

முதலாவது, அந்த 40 பேரும் பேருந்தில் வந்திருந்தால்? லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் பேருந்து, 400 கிலோமீட்டருக்கு 89 லிட்டர் குடிக்கும், 238 கிலோ. 45 பயணிகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5 கிலோ சொச்சம். காரில் தனியாக வந்தவர் கணக்கில் எழுத வேண்டியது 71 கிலோ. இருவராக வந்தால் ஆளுக்கு 36, நால்வராக வந்தால் 18. பேருந்தில் வந்தவர் தனிக் காரில் வந்தவரின் 13-இல் ஒரு பங்கு. ரயில் பெரும்பாலும் அதற்கும் குறைவு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை தடம் முழுவதும் மின்மயம். 40 பேரும் பேருந்தில் வந்திருந்தால் பயணம் 212 கிலோ, மண்டபம் 45 கிலோ, மொத்தம் 257. போன் கூட்டத்தின் உயர்ந்த மதிப்பான 160-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நேரில் கூடியதால் மட்டும் 28 மூட்டை ஏறவில்லை. காலி இருக்கைகளோடு 20 கார்கள் ஓடியதால் ஏறியது.

இரண்டாவது, நம் ஊர்க் கிளைக் கூட்டம். கடைவீதிச் சங்கக் கட்டடத்துக்கு 2 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் டி.வி.எஸ். வண்டியிலோ ஸ்கூட்டரிலோ வந்து போனால் ஆகும் பெட்ரோல் 100 மில்லிகூட இல்லை; 200 கிராம் கரியமில வாயு. அதே 2 மணி நேரக் கூட்டத்தைக் காணொலியில் நடத்தினால், பர்டூ ஆய்வின்படி ஆளுக்கு 300 கிராமிலிருந்து 2 கிலோ. குறைந்த மதிப்பை எடுத்தாலும் 72 கிராம். ஆக லாபமா நஷ்டமா என்று சண்டை போடும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. நடந்து வருபவருக்கு அதுவும் இல்லை. கடைவீதிக் கூட்டத்தை ‘சுற்றுச்சூழலுக்காக’ என்று சொல்லிப் போனுக்கு மாற்றுகிறவர்கள், கூட்டம் போடுகிற சிரமத்தைத் தவிர்க்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

போன் கூட்டத்திலும் வீண் உண்டு. அதே 2021 ஆய்வு, முகம் காட்டும் கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசினால் 96 சதவீதம் குறையும் என்கிறது. பேசுகிறவர் முகம் தெரிந்தால் போதும். மீதி 39 பேரின் கூரை மின்விசிறி தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, கூட்டத்துக்காக என்று புதுப் போன் வாங்குவது. ஒரு போன் பெட்டியைப் பிரிக்கும் முன்பே, அதைச் செய்து கொண்டுவரும் வகையில் பல பத்து கிலோ கரியமில வாயு செலவாகிவிடுகிறது. அந்த ஒரு போனின் கணக்கில் பேருந்தில் திருச்சிக்குப் பலமுறை வந்து போகலாம். இருக்கிற போனில் பேசுகிறவர்களுக்குத்தான் நான் மேலே போட்ட கணக்கு பொருந்தும். அடுத்தது, மலிவாகக் கிடைப்பதை அளவில்லாமல் வாங்கும் பழக்கம். மண்டப வாடகை இல்லை, பயணம் இல்லை என்றதும் வாரம் ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. இலவச ஜூம் இணைப்பு 40 நிமிடத்தில் தானே அறுந்துவிடுவது நம் பேச்சாளர்களைப் பொறுத்தவரை ஒரு வரம்.

நமக்கென்ன இதில்?

“கூட்டத்துக்குப் போகிற காரால்தான் உலகம் கெட்டதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நம் 20 காரால் கெடவில்லை. உலகமெங்கும் இப்படித்தான் கூடுகிறார்கள் என்பதுதான் விஷயம். 2019-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த புவி அறிவியலார் மாநாட்டுக்கு 28,000 பேர் போய்த் திரும்பியதில் ஏறத்தாழ 80,000 டன் வெளியேறியது. ஆளுக்கு 3 டன். பருவநிலை மாற்றத்தைப் பற்றி உலகுக்குச் சொல்கிறவர்களில் பலர் அங்கே கூடியிருந்தார்கள். அதைக் கணக்கிட்டு 2020-இல் வெளியிட்டதும் அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள்தான் என்பதை அவர்கள் பெருமைக்குச் சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் பங்கு இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பதிவானது. ஒரு குறிப்பிட்ட மழைக்கு இன்னார் விட்ட புகைதான் காரணம் என்று கைகாட்ட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், இறக்கும்போது மொத்தமாக இறக்கும் என்பது இயற்பியல். அந்த ஈரம் வந்து இறங்குவது நம் கிடங்குத் தரையில் அடுக்கிய அடி மூட்டையில். நனைந்த சர்க்கரைக்கும் முளைவிட்ட பயறுக்கும் வாங்குபவர் யார்?

புகையை விட்டுத் தள்ளினாலும் சாலை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கூட்டம் முடிந்து, இரவுச் சாப்பாடும் முடிந்து, விடியற்காலையில் கடை திறக்க வேண்டுமே என்று தூக்கக் கலக்கத்தோடு நான்குவழிச் சாலையில் ஓட்டித் திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. செயற்குழுவுக்குக் காரில் வரக்கூடியவர்கள், கடையைப் பார்த்துக்கொள்ள மகனோ ஆளோ உள்ளவர்கள். தனியாளாகப் பெட்டிக்கடை வைத்திருப்பவர், கணவன் மனைவி இருவரே நடத்தும் கிராமத்து மளிகைக் கடைக்காரர், ஒரு நாள் கடையடைத்தால் அந்த நாளின் வியாபாரம் போச்சு. அவர்கள் சந்தா கட்டுகிறார்கள், பேசுவதில்லை. 2020-இல் ஊரடங்கு வந்து, மளிகைக் கடைகளையே மதியம் 1 மணிக்கு அடைக்க வேண்டியிருந்த நாட்களில், நாங்கள் மாலையில் போனில் கூடினோம். அந்த வருடம் மே 5, நமது வணிகர் தினமன்றே கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. எங்கே பருப்பு இருக்கிறது, எந்த லாரிக்கு அனுமதி கிடைக்கும் என்று அன்றிரவு பேசியபோது, நாங்கள் ஒருநாளும் மாநாட்டு மேடையில் கண்டிராத குரல்கள் கேட்டன. ஒரு பெண் கடைக்காரர், தன் கிராமத்துக்கு எண்ணெய் வந்து ஐந்து நாளாயிற்று என்று இரண்டே வரியில் சொன்னார். மறுநாள் பக்கத்து ஊர் மொத்த வியாபாரி 10 டின் அனுப்பினார். கார் ஓடாததால் வாயு குறைந்ததைவிட, அந்தக் குரல் உள்ளே வந்ததைத்தான் நான் வரவில் எழுதுவேன்.

அதே போன் கூட்டங்களில் பற்றும் உண்டு. எங்கள் பழைய பொருளாளருக்கு 74 வயது. பேசத் தொடங்கினால் யாரோ அவரை ஊமையாக்கி வைத்திருப்பார்கள், அவர் பாட்டுக்கு ஐந்து நிமிடம் பேசி முடித்துவிட்டு, “ஏன் யாரும் பதில் சொல்லல?” என்று மகனிடம் கோபித்துக்கொள்வார். நான்காவது கூட்டத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். பாக்கி விஷயமாக இரண்டு உறுப்பினர்களுக்குள் மனக்கசப்பு வந்தபோதும் போனில் அதைத் தீர்க்க முடியவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி யார் இறங்கிவருவார்? பிறகு நேரில் கூடியபோது, தேநீர் இடைவேளையில், மண்டபத்துப் படிக்கட்டில், பத்து நிமிடத்தில் முடிந்தது.

நம்மைவிடப் பெரிய சபையிலும் இதே அனுபவம்தான். ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 33-ஆவது கூட்டம் 2019 பிப்ரவரி 20-இல் காணொலியில் நடந்தது. வீட்டுமனைத் துறை வரியைப் பற்றிய பெரிய முடிவை இப்படி எடுக்கக் கூடாது, நேரில் அமர்ந்து பேச வேண்டும் என்று சில மாநில அமைச்சர்கள் வற்புறுத்தினார்கள். நான்கே நாளில், 24-ஆம் தேதி டெல்லியில் நேரில் கூடித்தான் அது முடிவானது. கொரோனா காலத்தில், 2020 ஜூன் முதல் 2021 ஜூன் வரை, 40 முதல் 44 வரையிலான ஐந்து கூட்டங்களும் காணொலியில் நடந்தன. மாநிலங்களுக்கான இழப்பீட்டுத் தகராறு அந்தக் கூட்டங்களில்தான் முற்றியது. 2021 செப்டம்பர் 17-இல் லக்னோவில் மறுபடி நேரில் கூடினார்கள். படிவம், கடைசித் தேதி, விளக்கம் இவற்றுக்குத் திரை போதும். விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. விலையைப் போனிலும் மிளகாயைக் கையிலும் பார்க்கிற நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

நடுவழி ஒன்று

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2021 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, மாநாடுகளை முழுக்கக் காணொலிக்கு மாற்றினால் கரி வெளியீடு 94 சதவீதம் குறையும் என்றது. நமக்கு உதவுவது அதன் இரண்டாவது பகுதி. எல்லோரையும் ஒரே ஊருக்கு வரவழைக்காமல், தகுந்த சில ஊர்களில் கூடவைத்து, அந்த ஊர்களைத் திரையில் இணைத்தால், பாதிப் பேருக்கு மேல் நேரில் சந்தித்துக்கொண்டே மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கலாம் என்பது அது.

நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கு இடத்திலும் சங்கக் கட்டடம் இருக்கிறது. அவரவர் பக்கத்து ஊரில் கூடினால் சராசரி ஒரு வழி 60 கிலோமீட்டர் என்று வைப்போம். அதே 20 கார், அதே இருவர் என்றாலும் 160 லிட்டர், 429 கிலோ. 28 மூட்டை 8 மூட்டை சொச்சமாகிவிடுகிறது. ஆளுக்கு ஒரு போனைப் பிடித்துக்கொண்டிருக்காமல், ஓர் இடத்துக்கு ஒரு திரை. பொருளாளர் பேசினால் பக்கத்திலிருப்பவர் ஒலிவாங்கியைச் சரிசெய்வார். படிக்கட்டும் தேநீரும் அங்கேயும் உண்டு. கடையை மதியம் ஒருவேளை மட்டும் விட்டுவிட்டு வந்துபோகலாம் என்பதால், இதுவரை வராதவர்களில் சிலராவது வருவார்கள்.

வருடத்துக்கு நான்கு செயற்குழு என்றால் மூன்றை இப்படி நடத்தி, ஒன்றை எல்லோருமாகத் திருச்சியில் கூடலாம் என்பது என் யோசனை. முன்னதாகச் சங்க விதிகளில் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்து, வாக்கெடுப்பும் கையெழுத்தும் எப்படி என்பதைத் தீர்மானமாகவே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு யாராவது ஒருவர் கூட்டமே செல்லாது என்பார். மே 5 மாநாட்டை நான் தொடவில்லை. அன்று கடையடைத்து ஒரே திடலில் நிற்கிற கூட்டம்தான் அரசின் கண்ணில் படுகிறது. அதைத் திரையில் காட்ட முடியாது. அதற்கு ஊருக்கு ஒரு பேருந்து பிடித்துச் செல்லும் பழக்கம் ஏற்கெனவே பல கிளைகளில் இருக்கிறது. தனிக் கார்கள் பெருகியது பிற்காலத்தில்தான்.

திருச்சியில் கூடும் அந்த ஒரு கூட்டத்துக்கும் ஒரு விண்ணப்பம். நேரத்தை ரயிலைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மதுரைக்காரர்கள் காலை வைகையில் ஏறினால் கூட்டத்துக்கு வெகு முன்பே திருச்சியில் இறங்கிவிடலாம். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு மலைக்கோட்டை விரைவு வண்டி இருக்கிறது. கூட்டம் சொன்னபடி 10 மணிக்குத் தொடங்கி, நன்றியுரை மாலை 4 மணிக்குள் முடிந்தால், மதுரைக்குத் திரும்பும் வைகையையும் பிடித்துவிடலாம். 11-க்குத் தொடங்கி, பொன்னாடைகளுக்கே முக்கால் மணி நேரம் போனால், ரயில் போய்விடும். எல்லோரும் மறுபடி காரில்தான் வருவார்கள்.

வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், கையெழுத்து என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. நான்காவதாக ‘எதில் வந்தீர்கள், எத்தனை பேராக’ என்று ஒரு பத்தி போடும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு நான் ரயிலில் வருகிறேன். மதுரையிலிருந்து வைகையில் வருபவர்கள் முன்கூட்டிச் சொன்னால் சேர்ந்தே பயணச்சீட்டு எடுத்துவிடலாம்.